சடங்குக்குள் இடம் கேட்டவர்கள்



ஜெர்மனியில் வாழ்ந்த யூதர்களிடம் பல நூற்றாண்டுகளாக ஒரு வழக்கம் இருந்தது. ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம் நடக்கும். அன்று குழந்தையைச் சுற்றியிருந்த துணியைத் துவைத்து, நீளவாட்டில் கிழித்து, முனைக்கு முனை தைத்து, ஒரு நீண்ட பட்டையாக்குவார்கள். குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த நாள் எல்லாம் அதில் நூலால் பின்னப்படும் அல்லது வண்ணத்தால் தீட்டப்படும். இவன் வேத நூலான தோராவுக்கும் திருமணத்துக்கும் நற்செயலுக்கும் வளரட்டும் என்ற வாழ்த்தும் இருக்கும். ஓரங்களில் பறவை, பூ, ராசிச் சின்னம் என்று வீட்டுப் பெண்களின் கைவண்ணம் தெரியும். பையன் நடக்கத் தொடங்கியதும் அந்தப் பட்டையை ஜெப ஆலயத்துக்குக் கொண்டுவந்து, தோராச் சுருளைச் சுற்றிக் கட்டுவதற்குக் கொடுத்துவிடுவார்கள். விம்பல் என்று அதற்குப் பெயர். 13 வயதில் அவன் முதன்முறையாகத் தோரா வாசிக்கப் போகும்போது, அந்தச் சுருளைக் கட்டியிருப்பது அவன் பிறந்தபோது அவனைச் சுற்றியிருந்த துணியாக இருக்கும்.

இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், முற்போக்கு யூத சபைகளில் பிறப்பு, பருவம், மணம், இறப்பு ஆகிய சடங்குகளை அவரவர் வாழ்க்கைக்கேற்ப அமைத்துக்கொள்ளும் முறை. இதைச் சொன்னதும், இது இந்தக் காலத்து மோகம், ஆளாளுக்குச் சடங்கை வளைத்துக்கொள்கிறார்கள் என்று சிலர் நினைக்கக்கூடும். விம்பலை முதலில் சொன்னதற்குக் காரணம் அதுதான். ஒரு தனி உயிரின் பெயரைப் பொதுச் சடங்கின் மேல் எழுதுவது யூத மரபுக்குப் புதிதல்ல. எந்தப் பெயர்கள் எழுதப்பட்டன, எவை விடுபட்டன என்பதுதான் கேள்வி. அந்தத் துணிகளில் பெண் குழந்தைகளின் பெயர் கிடையாது.

முற்போக்கு யூதம் என்று நான் சொல்வது ஒரே அமைப்பை அன்று. 1810இல் ஜெர்மனியின் ஸேசன் ஊரில் இஸ்ரேல் யாகோப்சன் என்ற செல்வந்தர் கட்டிய கோயிலில் ஆர்கன் இசையும் ஜெர்மன் மொழிப் பிரசங்கமும் ஒலித்தன. 1819இல் ஹாம்பர்க் நகரச் சபை பிரார்த்தனை நூலையே திருத்தி வெளியிட்டது. இந்தக் கிளை அமெரிக்காவில் சீர்திருத்த யூதமாகவும், இங்கிலாந்தில் சீர்திருத்தம், தாராளவாதம் என இரண்டாகவும் வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டில் மொர்தெகாய் கப்லான் தொடங்கிய மறுகட்டமைப்பு இயக்கமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பியூ ஆய்வு மையம் 2020இல் எடுத்த கணக்கெடுப்பின்படி அமெரிக்காவின் வயதுவந்த யூதர்களில் 37 விழுக்காட்டினர் தங்களைச் சீர்திருத்தப் பிரிவினர் என்கிறார்கள். ஆகவே நாம் பேசுவது ஓரத்தில் இருக்கும் ஒரு சிறு கூட்டத்தைப் பற்றி அல்ல.

இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க என் மனத்தில் ஒன்று உறுதிப்பட்டது. நிலைத்து நின்ற மாற்றங்கள் எல்லாம், வித்தியாசமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களிடமிருந்து வரவில்லை. சடங்குக்குள் தங்களுக்கு இடமில்லை என்று கண்டவர்கள், சடங்கைத் துறந்து போகாமல், வாசலில் நின்று இடம் கேட்டதால் வந்தவை அவை.

மொர்தெகாய் கப்லானுக்கு நான்கு பெண்கள். மகன் இல்லை. மூத்தவள் ஜூடித். 1922 மார்ச் 18, சனிக்கிழமை, ஓய்வுநாள். நியூயார்க்கில் அவர் அப்போதுதான் தொடங்கியிருந்த சபையில், பன்னிரண்டரை வயது ஜூடித் எழுந்து ஆசிமொழி சொல்லி, தோராவிலிருந்து ஒரு பகுதியை எபிரேயத்திலும் ஆங்கிலத்திலும் வாசித்தாள். பெண் பிள்ளைகளின் பருவச் சடங்கான பாத் மிட்ஸ்வா அமெரிக்காவில் முதன்முதலில் நடந்தது அன்றுதான் என்று நினைவுகூரப்படுகிறது. ஆனால் விவரங்களைக் கவனியுங்கள். அவள் சுருளிலிருந்து வாசிக்கவில்லை. சுருள் வாசிப்பு முறைப்படி முடிந்த பிறகு, மேடைக்குச் சற்றுத் தள்ளி நின்று, தன் கையிலிருந்த அச்சுப் புத்தகத்திலிருந்து வாசித்தாள். இரண்டு பாட்டிகளுக்கும் இதில் சம்மதமில்லை. என்ன வாசிக்க வேண்டும் என்பதையே அப்பா முந்தின நாள் இரவுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். இடி விழவில்லை, மின்னல் வெட்டவில்லை என்ற பொருளில் ஜூடித் பிற்காலத்தில் எழுதினார். அவளுடைய தந்தையின் சபையிலேயே பெண்கள் ஆண்களுக்குச் சமமாகச் சுருளின் முன் அழைக்கப்பட இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

அந்தச் சிறுமி இசையறிஞராக வளர்ந்தார். 1992இல் தம் 82ஆம் வயதில் இரண்டாவது முறையாகப் பாத் மிட்ஸ்வா கொண்டாடினார். எழுபது ஆண்டுகளுக்குள் உலகம் மாறியிருந்தது. முற்போக்கு சபைகளில் இன்று ஒரு பெண் பிள்ளை சுருளின் முன் நிற்பது செய்தியே ஆகாது. சமயத் தலைவரான ரபியாகவும் பெண்கள் இருக்கிறார்கள். 1935இல் ஜெர்மனியில் ரெகினா யோனாஸ் ரபி பட்டம் பெற்றார். நாஜிகள் அவரை 1944இல் ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். 1972இல் அமெரிக்காவில் சாலி பிரைசாண்ட் பட்டம் பெற்றபோது யோனாஸின் பெயர் ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தது. இந்த இடைவெளியை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. முதலாமவர் மறக்கப்பட்டதால் அடுத்தவர் மீண்டும் முதலாமவராக நிற்க வேண்டியிருந்தது.

இன்றைக்கு ஒரு பிள்ளை இந்த நாளுக்கு எப்படித் தயாராகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தனிப்பட்டதும் பொதுவானதும் சேரும் இடம் மிகத் தெளிவாகத் தெரிவது இங்கேதான். தோரா 54 வாரப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பிள்ளையின் பிறந்தநாளை ஒட்டிய ஓய்வுநாளில் எந்தப் பகுதி வருகிறதோ பெரும்பாலும் அதுதான் அதன் பகுதி. பிடித்ததைப் பொறுக்க முடியாது. ஒருத்திக்குச் செங்கடல் பிளந்த கதை கிடைக்கும். இன்னொருத்திக்கு லேவியராகமத்தில் தோல் நோய் பற்றிய அதிகாரங்கள் கிடைக்கும்: எந்தத் தடிப்பு தீட்டு, எத்தனை நாள் பாளயத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்ற விதிகள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது?

ஆனால் அந்தப் பிள்ளை ஓராண்டோ அதற்கு மேலோ அந்தப் பகுதியோடு உட்கார வேண்டும். அதன் ராகக் குறிகளைப் படிக்க வேண்டும், பழைய உரையாசிரியர்களைப் பார்க்க வேண்டும், கடைசியில் சபை முன் நின்று தன் சொந்த விளக்கத்தைப் பேச வேண்டும். நோயாளியை ஊருக்கு வெளியே நிறுத்தினால் அவனைப் பார்த்து வர யார் போகிறார்கள் என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளை வந்து சேர்கிறது. அதே அதிகாரங்களில் குருவே பாளயத்துக்கு வெளியே போய் அவனைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருப்பதைக் கண்டுபிடிக்கிறது. தனக்குத் தரப்பட்டதைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் இந்த உழைப்புக்கு ஈடாக, விருந்து மண்டபத்தின் அலங்காரத்தையோ அழைப்பிதழின் வடிவத்தையோ நான் வைக்க மாட்டேன். சபைகள் விருந்தின் ஆடம்பரத்தைக் கண்டித்துப் பேசிவருவது நியாயம்.

இன்னொரு விதமாகவும் இது நடக்கிறது. நாஜி ஆக்கிரமிப்பில் அழிந்த பொஹீமிய, மொராவியச் சபைகளின் தோராச் சுருள்கள் ப்ராக் நகரில் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் 1,564 சுருள்கள் 1964இல் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் ஜெப ஆலயத்துக்கு வந்தன. செப்பனிடப்பட்ட சுருள்கள் உலகெங்கும் உள்ள சபைகளுக்குக் கடனாக அனுப்பப்பட்டன. ஒவ்வொரு சுருளுக்கும் ஓர் எண் உண்டு, பலவற்றுக்கு ஊரும் தெரியும். ஆகவே இன்று அந்தச் சுருளிலிருந்து வாசிக்கும் பிள்ளை, அந்த ஊரில் யார் வாழ்ந்தார்கள், அதே வயதில் யாருக்கு வாசிக்கக் கிடைக்காமல் போயிற்று என்று தேடிப் படித்துவிட்டு எழுகிறது. 1970களிலும் 80களிலும் அமெரிக்கப் பிள்ளைகள், சோவியத் நாட்டில் இந்தச் சடங்கைச் செய்ய இயலாதிருந்த ஒரு யூதப் பிள்ளையின் பெயரையும் தம் பெயரோடு சேர்த்து அந்த நாளை இருவருக்குமாக நடத்தினார்கள். தன் நாளில் இன்னொருவருக்குப் பாதி கொடுப்பதும் அந்த நாளைத் தனதாக்கிக்கொள்ளும் வழிதான்.

பெண் குழந்தையின் பிறப்புக்கு வருவோம். ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்ட செபார்டி யூதர்களிடம் பெண் குழந்தைக்குப் பெயரிடும் விழா பழங்காலம் முதலே உண்டு. ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்களிடம் தகப்பன் ஜெப ஆலயத்தில் தோராவின் முன் அழைக்கப்பட்டுப் பெயர் சொல்வதோடு சரி. தாயும் பிள்ளையும் வீட்டில் இருப்பார்கள். 1970களின் தொடக்கத்தில் சாண்டி ஐசன்பர்க் சாஸோ, அவருடைய கணவர் டென்னிஸ் சாஸோ போன்றவர்கள் பெண் குழந்தையையும் உடன்படிக்கைக்குள் வரவேற்கும் சடங்கை எழுதினார்கள். சாண்டி 1974இல் மறுகட்டமைப்பு இயக்கத்தின் முதல் பெண் ரபியானார். விருத்தசேதனத்துக்கு இணையாக எந்தச் செயலை வைப்பது என்று பலரும் தேடினார்கள். சிலர் குழந்தையைத் தொழுகைச் சால்வையில் சுற்றினார்கள். சிலர் ஆபிரகாம் தன் கூடாரத்துக்கு வந்த அந்நியர்களின் கால் கழுவத் தண்ணீர் கொடுத்த கதையை எடுத்து, குழந்தையின் பாதங்களைக் கழுவினார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்தப் பாதம் கழுவுதல். வேத நூலின் கதைக்குள்ளிருந்தே அது கிடைத்தது. உலகத்துக்குப் புதிதாக வந்த ஒருத்தியை விருந்தாளியாக உபசரிக்கிறது.

திருமணத்தில் சிக்கல் ஆழமானது. மரபான யூத மணத்தில் மணமகன் மணமகளின் விரலில் மோதிரம் இட்டு, மோசேயின் சட்டப்படியும் இஸ்ரேலின் சட்டப்படியும் நீ எனக்கு உரியவளாகிறாய் என்ற பொருளில் சொல்கிறான். அவள் வாய் திறப்பதில்லை. அரமேய மொழியில் எழுதிய கெத்துபா என்ற ஒப்பந்தம் வாசிக்கப்படும். மணவிலக்கிலோ கணவன் இறந்தாலோ அவளுக்குச் சேர வேண்டிய தொகை அதில் இருக்கும், கன்னிக்கு 200 ஸூஸ் என்று. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் அது பெண்ணுக்குப் பெரிய பாதுகாப்பு என்பதை நாம் மறக்கக் கூடாது. ஆனால் அடிப்படையில் ஒருவர் மற்றவரைப் பெற்றுக்கொள்ளும் சட்டம் அது.

1869இல் பிலடெல்பியாவில் கூடிய சீர்திருத்த ரபிகள், மணமகள் இனி வாளாவிருக்க வேண்டாம், இருவரும் அதே சொல்லைச் சொல்லி மோதிரம் மாற்றிக்கொள்ளட்டும் என்று தீர்மானித்தார்கள். நல்ல தீர்மானம். ஆயினும், ஒருவர் வாங்கும் சட்டத்தை இருவரும் வாங்கும் சட்டமாக்கினால் போதுமா என்று ஏறக்குறைய 130 ஆண்டு கழித்து இறையியலாளர் ரேச்சல் ஆட்லர் கேட்டார். 1998இல் வெளிவந்த தம் நூலில், திருமணத்தைச் சொத்துச் சட்டத்திலிருந்து எடுத்து, யூதச் சட்டத்திலேயே உள்ள கூட்டுவணிகச் சட்டத்தின் மேல் நாட்டினார். பழைய காலத்தில் கூட்டாளிகள் இருவரும் தம் பணத்தை ஒரே பையில் போட்டு, அந்தப் பையைத் தூக்கினால் கூட்டு உறுதிப்படும். ஆட்லர் வகுத்த காதலர் உடன்படிக்கையில் மணமக்கள் தத்தமக்கு அருமையான ஒரு பொருளைப் பைக்குள் இட்டு இருவருமாக அதைத் தூக்குகிறார்கள். ஒருவர் தாத்தாவின் கடிகாரத்தைப் போடலாம், மற்றவர் தன் முதல் சம்பளத்தில் வாங்கிய புத்தகத்தைப் போடலாம். தனிப்பட்டது எவ்வளவு வேண்டுமானாலும் உள்ளே வரலாம், சட்டத்தின் எலும்பு உறுதியாக இருக்கிறது. ஒரே பாலினத்தவர் மணத்துக்கும் இது எந்த நெருடலும் இல்லாமல் பொருந்துகிறது. நான் படித்தவற்றுள் இத்தனை ஆழமாக யோசித்துச் செய்த சடங்குச் சீர்திருத்தம் வேறில்லை.

சிறு மாற்றங்களும் உண்டு. மணமகனை மணமகள் ஏழு முறை சுற்றுவது வழக்கம். இன்று பலர் மூன்று சுற்று அவள், மூன்று சுற்று அவன், கடைசிச் சுற்று இருவரும் கைகோத்து என்று செய்கிறார்கள். மணவிதானத்துக்குப் பாட்டியின் மேசை விரிப்பையோ அப்பாவின் தொழுகைச் சால்வையையோ கட்டுகிறார்கள். ஏழு ஆசிகளை ஏழு உறவினரோ நண்பரோ சொல்கிறார்கள். இவற்றில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஏழு ஆசிகளையே எடுத்துவிட்டு மணமக்கள் தாங்களே எழுதிய காதல் உரைகளை மட்டும் வைக்கும்போதுதான் எனக்கு வருத்தம். அந்த ஆசிகள் உலகப் படைப்பில் தொடங்கி, ஏதேனில் நின்ற முதல் இணையைத் தொட்டு, எருசலேமின் தெருக்களில் கேட்கும் மகிழ்ச்சியில் முடிகின்றன. இரண்டு பேரின் சொந்தச் சொற்கள் எத்தனை அழகானாலும் அவ்வளவு தூரம் போக முடியாது.

கலப்பு மணம் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அதே பியூ கணக்கெடுப்பில், 2010க்குப் பிறகு மணந்த அமெரிக்க யூதர்களில் 61 விழுக்காட்டினரின் துணை யூதரல்லர். மோசேயின் சட்டப்படி என்று ஒரு கத்தோலிக்கரோ இந்துவோ மனமறிந்து எப்படிச் சொல்வார்? பல ரபிகள் அந்த இடத்தில், பொய்யாகாத வேறு சொற்களை இருவரோடும் உட்கார்ந்து தேடுகிறார்கள். சில ரபிகள் இன்றும் இத்தகைய மணங்களை நடத்துவதில்லை. சீர்திருத்த இயக்கத்தின் ரபிகளைப் பயிற்றும் ஹீப்ரூ யூனியன் காலேஜ், யூதரல்லாதவரைத் துணையாகக் கொண்ட மாணவரையும் ஏற்பது என்று 2024இல்தான் முடிவெடுத்தது.

இந்தியாவுக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. கொங்கண் கரையின் பெனே இஸ்ரேல் யூதர்களில் ஒருவரான டாக்டர் ஜெருஷா ஜிராட், லண்டனில் படித்தபோது அங்கிருந்த தாராளவாத யூத இயக்கத்தோடு பழகினார். பெண்கள் மருத்துவரான அவர் 1925இல் பம்பாயில் யூத சமயச் சங்கத்தை நிறுவினார். இந்தியாவில் முற்போக்கு யூதம் வேரூன்றியது அங்கே. பெனே இஸ்ரேலரிடம் மலிதா என்ற ஒரு சடங்கும் உண்டு. அவலோடு தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் சேர்த்து, சுற்றிலும் பழங்களை அடுக்கி, எலியா தீர்க்கதரிசியின் பேரில் நன்றிப் பாட்டுப் பாடி எல்லாரும் உண்பார்கள். கல்யாணம், புதுமனை, நேர்ந்துகொண்டது பலித்த நாள் என்று எல்லாவற்றுக்கும் மலிதா. பழைய யூதச் சட்டத் தொகுப்பான தல்மூத்தில் இதைத் தேடினால் கிடைக்காது, அந்த மண்ணில் விளைந்தது அது. இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பெனே இஸ்ரேலர் அங்கும் இதை விடவில்லை. ஒரு சமூகம் தன் வாழ்க்கையைச் சடங்குக்குள் எழுதிக்கொள்ள எந்த மாநாட்டின் தீர்மானத்துக்கும் காத்திருக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இனி இறப்பு. இங்கே நான் ஓர் எல்லையைச் சொல்ல வேண்டும்.

தல்மூத் ஒரு செய்தி சொல்கிறது. முன்பொரு காலத்தில் பிணத்தை எடுத்துச் செல்லும் செலவு, உறவினருக்குச் சாவைவிடப் பெரிய துயரமாக இருந்ததாம். உடலைப் போட்டுவிட்டு ஓடிப்போனவர்களும் உண்டாம். பெரும் செல்வாக்குள்ள ரபன் கமலியேல், தம்மை எளிய நார்த்துணியில் எடுத்துச் செல்ல வைத்தார். அதன்பின் எல்லாரும் அப்படியே செய்தார்கள். துக்க வீட்டுக்குப் பணக்காரர் வெள்ளிக் கூடையிலும் ஏழைகள் குச்சியில் பின்னிய கூடையிலும் உணவு அனுப்பிய நிலையும் மாற்றப்பட்டு, எல்லாருக்கும் குச்சிக் கூடை என்றாயிற்று. இன்றும் யூதரின் உடல் கழுவப்பட்டு, பையில்லாத வெள்ளைத் துணி உடுத்தப்பட்டு, எளிய மரப்பெட்டியில் வைக்கப்படுகிறது. இறந்தவருக்குப் பிடித்த உடையை உடுத்தலாமா, அலங்காரப் பெட்டி வாங்கலாமா என்று குடும்பங்கள் கேட்கின்றன. சபைகள் இதில் இளகக் கூடாது என்பதே என் உறுதியான எண்ணம். ஏழையின் மானத்தைக் காக்க வந்த ஒருமைப்பாடு அது. இறந்தவரின் தனித்தன்மைக்கு வேறு இடம் உண்டு: அவரைப் பற்றிப் பேசும் இரங்கலுரை, ஏழு நாள் துக்கத்தில் வீட்டில் சொல்லப்படும் கதைகள், ஆண்டு நினைவுநாளில் ஏற்றும் விளக்கு.

ஆனால் துக்கத்திலும் வாசலில் நின்றவர்கள் இருந்தார்கள். பெற்றோருக்காகப் பதினொரு மாதம் கடீஷ் என்ற பிரார்த்தனையைச் சொல்வது மரபில் மகனின் கடமை. 1916இல் ஹென்ரியட்டா ஸோல்ட் என்பவரின் தாயார் இறந்தார். ஹடாஸா என்ற பெண்கள் அமைப்பை நிறுவியவர் ஸோல்ட். அந்த வீட்டில் பெண் மக்கள் மட்டுமே. குடும்ப நண்பர் ஒருவர் தாமே கடீஷ் சொல்வதாக முன்வந்தார். ஸோல்ட் நன்றியோடும் பாசத்தோடும் மறுத்துக் கடிதம் எழுதினார். சமூகத்தோடு பெற்றோர் வைத்திருந்த உறவைப் பிள்ளை தொடர்வதாக ஊரறியச் சொல்வதே கடீஷ் என்றும், மகள்களை அதிலிருந்து விலக்குவது மரபின் நோக்கமாக இருந்திருக்க முடியாதென்றும், தாம் இப்படிச் செய்வதே தம் தாய்க்கு உகந்தது என்றும் அதில் வாதிட்டார். மரபை மதிக்காமல் எழுதியவர் அல்லர் அவர். தந்தை பால்டிமோரில் ரபி. யூத வழக்கம் தமக்கு அருமையானது, புனிதமானது என்று அதே கடிதத்தில் எழுதினார்.

கடைசியாக ஒன்று. பழைய சட்டத்தில், பிறந்து முப்பது நாள் நிறைவதற்குள் இறந்த குழந்தைக்கு முறையான துக்கம் கிடையாது. ஏழு நாள் இல்லை, கடீஷ் இல்லை. குழந்தைகள் மிகுதியாக இறந்த காலத்தில் தாய்தந்தையரை ஓயாத துக்கக் கடமையிலிருந்து காக்க வந்த விதி என்று சொல்வார்கள். ஆனால் கருவிலேயே படத்தில் முகம் பார்த்து, பெயர் வைத்துக் காத்திருந்த பெற்றோருக்கு அந்த மௌனம் இரண்டாவது இழப்பாகிவிடுகிறது. முற்போக்கு சபைகள் இப்போது கருச்சிதைவுக்கும், இறந்து பிறந்த குழந்தைக்கும் சடங்குகளை எழுதியிருக்கின்றன. பாஸ்டன் அருகே நியூட்டன் நகரில், எழுத்தாளர் அனிதா டயமண்ட் முன்னின்று நிறுவ, 2004இல் திறக்கப்பட்ட மாயிம் ஹாயிம் என்ற மிக்வே உண்டு. மிக்வே என்பது மூழ்கித் தூய்மை பெறும் சமயக் குளம். கருவை இழந்தவர்களும், புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தவர்களும், மணவிலக்குப் பெற்றவர்களும் அங்கே வந்து, தம் நிலைக்கென்று எழுதப்பட்ட பிரார்த்தனையோடு மூழ்கி எழுகிறார்கள்.

இறந்த குழந்தைக்கு அடக்கத்தின்போது புதிதாக எழுதிய பிரார்த்தனையைச் சொல்வதா, எல்லாருக்கும் சொல்லும் அதே கடீஷைச் சொல்வதா என்பதில் ரபிகளிடையே இரண்டு கருத்தும் உண்டு. நான் கடீஷின் பக்கம் நிற்கிறேன். அந்தப் பெற்றோர் தனியாக ஒரு சடங்கு வேண்டும் என்று கேட்டு வருவதில்லை. எண்பது வயதில் இறந்த தாத்தாவுக்குச் சபை எழுந்து நின்று சொன்னதை, மூன்று நாள் வாழ்ந்த தங்கள் மகளுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள்.